எலிசாவின் கல்

அத்தியாயம் ஒன்பது

வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் கிருஷ்ணமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாரே, அந்த இடத்தில் போன வாரம் கதை நின்றது. ஏறுவதற்கு முன்னால் அவர் வாசலில் நின்று சொன்ன நாலு வார்த்தையை இந்த வாரத்துக்கென்று மிச்சம் வைத்திருந்தோம்.

மயிலாடியில் கல்லறைக் கல் வெட்டுகிற சுந்தரராஜுக்கு வயது அறுபத்தாறு. ஆறு மாதமாக மறதி. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "இன்னைக்குச் சோறு பொங்கல்லியா?" என்று கேட்பார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரே மகள் எலிசா வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பூதப்பாண்டியில் வாத்தியார் வேலை பார்க்கும் புருஷன் சத்தியநேசனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். முப்பத்து மூன்று வயதுக்காரி. அம்மா லீலாபாய்க்கு ஐம்பத்தெட்டு. கண், காது, நாக்கு மூன்றும் துளி மழுங்காத ஐம்பத்தெட்டு.

டிரஸ்ஸர் சொன்னது இதுதான்.

"ஞாபகம்னா ஒரே பானை இல்ல, கேட்டியளா? நாலஞ்சு பானை. இன்னைக்கு நடக்கது ஒண்ணுல விழும். நாளைக்கு இன்னது செய்யணும்னு நினைச்சு வைக்கது இன்னொண்ணு. பழைய கதை ஒண்ணு, படிச்ச சொல்லு ஒண்ணு, கை பழகுன வேலை ஒண்ணு. வயசானா எல்லாம் ஒண்ணாட்டு உடையாது. இவருக்கு முதல் ரெண்டும் ஓட்டை. மத்ததெல்லாம் நம்மளவிட நல்லாத்தான் இரிக்கு."

"அப்போ காலையில நான் ஏசினது பூரா ஓட்டைப் பானையில விழுந்து வீணாப் போச்சு!" என்றாள் லீலாபாய். டிரஸ்ஸரும் சிரித்துவிட்டுப் போனார்.

பாவம், அந்த மனுஷன் ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டார். 'இதை யாரிடமும் சொல்லிவிடாதே' என்று ஒருவன் தனக்குத்தானே போட்டு வைத்த கட்டளை எந்தப் பானையில் கிடக்கிறது என்பதை. எலிசாவும் கேட்கவில்லை. இப்படி ஒரு கேள்வி இருப்பதாக அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

மறுநாள் புதன்கிழமை. பூதப்பாண்டியில் இறந்துபோன ஞானதாசன் என்ற பெரியவருக்குக் கல் அன்றைக்குள் வெட்டி முடிய வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலம் மாட்டுவண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"வண்டி வந்துட்டா?" என்று சுந்தரராஜ் காலையில் கேட்டார்.

"நாளைக்குத்தான் அப்பா."

பல் தேய்த்துவிட்டு வந்து கேட்டார். காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். மூன்று தடவையும் எலிசா அதே பதிலை அதே குரலில் சொன்னாள். நாலாவது தடவை லீலாபாய் அடுக்களையிலிருந்து, "வண்டி வந்து உங்களையும் ஏத்திட்டுப் போகும், போய் வேலையப் பாருங்க!" என்று சத்தம் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் போய்விட்டார்.

கொட்டகைக்குள் போய்விட்டால் அவர் வேறு ஆள். காவி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டி வரி போடுவதில் ஒரு இம்மி பிசகாது. சங்கீதத்தை முணுமுணுத்தபடி உளியைப் பிடிப்பார். தொண்ணூறாம் சங்கீதம் ஆரம்பித்தால் கடைசி வசனம் வரைக்கும் ஒரு சொல் இடறாமல் வரும். காலையில் தின்றது புட்டா இட்லியா என்று கேட்டால்தான் முழிப்பார்.

எழுத்தை மட்டும் எலிசா சரிபார்க்க வேண்டும். இந்த வழக்கம் ஒரு மாதமாக. வாங்குகிறவர்கள் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லில் விழுந்த ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். கல்லில் பிழை விழுந்தால் அழிக்கிறதுக்கு ரப்பரா இருக்கிறது? இதுவரை ஒரு பிழையும் விழவில்லை.

உச்சி வேளைக்கு மயிலாடி முழுக்க உளிச் சத்தம் நிற்கும். காலையிலிருந்து நூறு கொட்டகையில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், ஆட்கள் சோற்றுக்குப் போனதும் பட்டென்று அடங்கிவிடும். அன்றைக்கும் அடங்கியது. ஆனால் ஒரே ஒரு உளி மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக். எலிசா அடுக்களையில் நின்று கேட்டாள். அப்பாவுடைய உளிதான்.

"உங்க அப்பாவுக்குப் பசியும் மறந்துபோச்சு போல" என்றாள் லீலாபாய். "போய்க் கூட்டிட்டு வா. எனக்குக் கொஞ்சம் தலைசாய்க்கணும். நாலு மணிக்குக் காப்பி போட்டு நானே கொட்டகைக்குக் கொண்டு வருகேன்."

எலிசா தாளை எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகைக்குள் வெயில் ஓலை இடுக்கு வழியாக விழுந்து கிடந்தது. கல்தூள் புகைபோல நின்றது. அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கவனிக்கவில்லை.

கல்லைப் பார்த்தவுடன் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஞானதாசனுக்கு வெட்ட வேண்டியது ஆளுயரத்துப் பெரிய கல். அது உளி தொடாமல் சுவரோரம் சாய்ந்து நின்றது. அப்பா வெட்டிக்கொண்டிருந்தது ஒரு முழக் கல். பச்சைப்பிள்ளைகளுக்கு வைக்கிற அளவு.

அவள் குனிந்து வாசித்தாள். பழக்கம், விரல் தானாகவே எழுத்தைத் தொட்டது.

எலிசா.

ஊரில் எத்தனையோ எலிசா என்று நினைத்துக்கொண்டாள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

சுந்தரராஜ் லீலாபாய் தம்பதியின் மகள்.

பிறப்பு 1901 மே 3.

அது அவளுடைய பிறந்த நாள்தான். அப்பாவுக்குப் புத்தி கலங்கி, உயிரோடு இருக்கிற மகளுக்கு முன்கூட்டியே கல் வெட்டுகிறார் என்று ஒரு நொடி நினைத்தாள். அதை அவளால் தாங்க முடிந்தது. கடைசி வரியைத் தொட்டாள்.

நித்திரை 1901 ஜூன் 21.

இறந்த நாள்! எலிசா விரலை எடுத்தாள். வலது கையால் இடது கை மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். நாடி அடித்துக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

"அப்பா, இது யாருக்கு?"

சுந்தரராஜ் நிமிர்ந்தார். அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை அவளைத் தாண்டி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. திடுக்கென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வியாகுலம், நீயா? பைய பேசு. லீலாவுக்குக் கேட்டுரும்."

வியாகுலம்மாள் அந்தக் காலத்தில் ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவள். செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு எலிசாவே போயிருந்தாள், குழிக்குள் மூன்று பிடி மண்ணும் போட்டாள். செத்தவளுடைய பெயரைத் தன் முகத்தைப் பார்த்து ஒருவர் கூப்பிடும்போது என்ன செய்வது? எலிசாவுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது.

"கேக்காது. உறங்குகா" என்றாள், அவளையறியாமல்.

"காய்ச்சல் விட்டுதா?"

"விட்டுது."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அவர் உளியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. "ஊருக்கெல்லாம் கல்லு வெட்டுகேன் வியாகுலம். எம் பிள்ளைக்கு ஒண்ணு வைக்கல்ல. அந்தப் புன்னை மூட்டுல சும்மா கிடக்கு. மனசு கேக்கமாட்டேங்கு."

கொட்டகைக்குப் பின்னால் புன்னைமரம் நிற்கிறது. அதில்தான் எலிசா ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளும் ஆடியிருக்கிறார்கள்.

"கல்லறைத் தோட்டத்துல வைக்கப்பிடாதா?" என்று கேட்டாள்.

"பாதிரியார்ட்ட சொன்னா புஸ்தகத்துல ஏறிரும்லா? லீலாவுக்குத் தெரிஞ்சுரும். ஊரெல்லாம் பேதி, இவளுக்குக் காய்ச்சல், பிள்ளை போயிட்டுன்னு சொன்னா அவளும் போயிருவா. நீதான சொன்ன? ஞானஸ்நானம் குடுத்த பேரு அப்பிடியே இரிக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு வச்சிரலாம்னு நீதான கொண்டு வந்து தந்த?"

எலிசாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காதது ஒன்றே ஒன்று. அதைத்தான் அவள் கேட்க முடியாது. கொண்டு வந்து கொடுத்தவளே 'இது யார் பிள்ளை' என்று கேட்பாளா? கேட்டால் இந்த வாசல் அடைத்துக்கொள்ளும். கேட்காமல் விட்டால் இனி எப்போது திறக்கும்? எத்தனை புத்தி சொன்னாலும் அந்த நேரத்தில் யாரால் வாயை அடக்க முடியும்?

"அந்தப் பிள்ளைக்க அம்மை யாரு?"

சுந்தரராஜ் புருவத்தைச் சுருக்கினார். "நீயா கேக்க?" என்றார். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். பிறகு அவர் முகம் லேசாக விரிந்தது. அவளுடைய அப்பாவின் பழைய முகம்.

"மக்கா, எலிசா! நீ எப்ப வந்த? சாப்பிட்டியா?"

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து கல்தூள் படிந்த கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "சத்தியநேசன் ஏசினானா? அவன் வரட்டும், நான் கேக்கேன்" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை கூடிவிட்டது.

அவரைச் சோறு தின்ன வைத்து மறுபடி கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தான் யார் என்கிற கேள்வியை எலிசா அப்படியே மூட்டை கட்டி ஓரத்தில் வைத்துவிட்டாள். அதற்கு வாழ்நாள் கிடக்கிறது. நாலு மணிக்கு அம்மா காப்பியோடு வருவாளே, அதற்கு என்ன வழி? பெற்ற பிள்ளை செத்துப் புன்னை மூட்டில் கிடக்கிறது, இத்தனை வருஷம் மடியில் வைத்துக் கொஞ்சியது வேறு யாரோ பெற்றது என்று ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி கல்லில் வாசித்துத் தெரிந்துகொள்வதா? வாசித்த பிறகு அம்மா தன்னை எப்படிப் பார்ப்பாள்? அந்தப் பார்வையை எலிசாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அம்மா வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்துப் புரட்டிக் குப்புறப் போட முயன்றாள்.

"ஏட்டி, என்ன செய்ய? இன்னும் வசனம் வெட்டல்ல!" சுந்தரராஜ் ஓடி வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அப்பா. நாளைக்கு வெட்டலாம்."

"நாளைக்கு வண்டி வரும்லா?"

எலிசா நனைந்த சாக்கை எடுத்துக் கல்லின் மேல் போட்டாள். அவர் எடுத்தார். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தார். கோபம் இல்லை, சண்டை இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சாக்கை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி, யார் இதை இங்கே போட்டது என்று எடுத்து மடித்து வைத்தார். நாலாவது தடவை மடித்து வைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்பா, அம்மாவுக்குத் தெரியப்பிடாதுன்னு நீங்கதான சொன்னிய? உங்க காலப் பிடிக்கேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"என்னது தெரியப்பிடாது?"

"இந்தக் கல்லு."

"அதென்ன மக்கா, அவ பிள்ளைதான? அவளுக்குத் தெரியாண்டாமா?" என்றார் சுந்தரராஜ், ஒரு கள்ளமும் இல்லாமல். முப்பத்து மூன்று வருஷம் பல்லைக் கடித்து மறைத்தவர் கேட்கிற கேள்வி இது. செத்த பிள்ளை ஞாபகம் இருக்கிறது. பிறந்த தேதி, பெயர், புதைத்த மரம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மறைக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோய்விட்டது.

வாசற்படியில் வளையல் சத்தம் கேட்டது.

கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு லீலாபாய் வந்து நின்றாள். எலிசா கல்லுக்கு முன்னால் போய் முந்தானையை விரித்தபடி நின்றாள். எட்டு வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு மறைத்துக்கொண்டு நிற்பாளே, அதே மாதிரி.

"என்னட்டி மறைக்க? தள்ளு."

"ஒண்ணும் இல்லம்மா. பிழையா வெட்டிட்டாரு. நீங்க போங்க, நான் காப்பி குடுக்கேன்."

"தள்ளுன்னேன்."

அந்தக் குரலுக்கு எலிசா என்றைக்குமே தள்ளாமல் இருந்ததில்லை. இன்றைக்கும் தள்ளினாள்.

லீலாபாய் காப்பியைக் கீழே வைத்தாள். கண்ணைச் சுருக்கி வாசித்தாள். உதடு அசைந்தது. முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது. எலிசா அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கால் இப்போது மடங்கும், இப்போது விழுவாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று தயாராக நின்றாள்.

கால் மடங்கவில்லை.

"தேதி தப்பு" என்றாள் லீலாபாய்.

சுந்தரராஜ் நிமிர்ந்தார். "தப்பா?"

"இருபத்தொண்ணு இல்ல. இருபது. வியாழக்கிழமை சாயங்காலம் அழுகை நின்னுது. நான் உள்ளறையில காய்ச்சல்ல கிடக்கேன், கண்ணு திறக்க முடியல்ல, ஆனா காது கேட்டுது. இருபத்தொண்ணு நீங்க குழி வெட்டின நாளு. அந்தச் சத்தமும் கேட்டுது. மூணு நாளு கழிஞ்சு வேற அழுகை வந்துது."



"அம்மா..." என்றாள் எலிசா.

"காய்ச்சல் துவங்கிப் பதினெட்டாம் நாளு உன்ன எடுத்து மடியில போட்டாரு. குடிக்கப் போட்டேன். வாயி வேற. பெத்தவளுக்குத் தெரியாதாட்டி? நெஞ்சுக்குத் தெரியும். ஆனா நீ எவ்வளவு பசியோட குடிச்ச தெரியுமா! பாவி, விடவே இல்ல. நானும் விடல்ல." லீலாபாய் மூக்கைச் சிந்தினாள். "பாவம், இந்த மனுஷன் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் திரும்பித் திரும்பிப் படுப்பாரு. தெரியும்னு சொன்னா அவரு உடைஞ்சு போயிருவாருன்னு நானும் சொல்லல்ல."

எலிசா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நேரம் என்று தெரியாது. இரண்டு பேரும் சத்தம் போட்டே அழுதார்கள். சுந்தரராஜ் ஒன்றும் புரியாமல் காப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னைக்குக் காப்பி நல்லா இரிக்கு" என்றார்.

அழுது முடிந்ததும் லீலாபாய் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"யாரு பெத்த பிள்ளைன்னு நான் கேக்கல்ல. ஒருநாளும் கேக்கல்ல. கேட்டா அவ வந்து உன்னத் தூக்கிட்டுப் போயிருவாளோன்னு பயம். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகல்ல. ஆனா நீ கேக்கணும்னா இன்னைக்கே கேட்டுரு. வியாகுலம் போயிட்டா. இனி இவருக்கு மட்டும்தான் தெரியும். இவருக்கும் நாளைக்கு எது இரிக்கும், எது போகும்னு யாரு கண்டா?"

எலிசா அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வியாகுலம்மா கொண்டு வந்த பிள்ளைக்க அம்மை பேரு என்ன?"

சுந்தரராஜ் யோசித்தார். உதடு குவிந்தது, விரிந்தது. "தெரியும் மக்கா. நல்லாத் தெரியும். வாயில வரமாட்டேங்கு." மறுபடி முயன்றார். நெற்றியில் வேர்வை பூத்தது. வலது கையால் தொடையில் அடித்துக்கொண்டார். "இந்தச் சவம் வாயி! வரமாட்டேங்கே!"

"விடுங்க அப்பா. வேண்டாம்" என்றாள் எலிசா. அந்த வெப்ராளத்தை, அந்தத் தவிப்பை, அவளால் பார்க்க முடியவில்லை.

"பாவம், அவளுக்கும் கல்லு இல்ல" என்றார் அவர்.

சொல்லிவிட்டு எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த கல் பலகை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். நூலைக் காவியில் தோய்த்து ஒரு முனையைக் கால்விரலில் மாட்டி இழுத்துச் சுண்டினார். சிவப்பாக ஒரு வரி விழுந்தது. அடுத்து இன்னொன்று. தொடையில் அடித்துக்கொண்டபோது நடுங்கிய அதே கை உளியை எடுத்ததும் நிலைத்துவிட்டது. கண் கல்லைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஓலை இடுக்கில் எங்கேயோ இருந்தது. உதடு மூடியிருந்தது. வாய்க்கு வராத பெயர் கைக்கு வந்துவிட்டதுபோல, கை மட்டும் போய் வரியின் தொடக்கத்தில் உளியை வைத்தது.

லீலாபாய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள். சுத்தியல் விழுந்தது. ஒரு கோடு, ஒரு வளைவு, மறுபடி ஒரு கோடு. கல்தூள் பறந்து எலிசாவின் முழங்காலில் விழுந்தது.

லீலாபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எலிசா மூடவில்லை.